தனிமையும் பொதுநிலமும்

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சான் யுவான் மலைகளில், கரடுமுரடான மலைப்பாதைகளை நாடி, படுக்கையும் அடுப்பும் கொண்ட வாகனங்களில் வருவோர் பலர். அங்குள்ள அரச பொதுநிலங்களில், வகுக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே, பெரும்பாலும் 14 நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். அவர்கள் தேடுவது ஆளரவமற்ற ஓரிடம். ஆயின், அவ்விடத்தை அடைபவனே அங்கு முதல் ஆளரவம் ஆகின்றான்.

பிறர் முன்னர் தங்கிய வெறுந்தரைகள் நிரம்பியிருப்பின், புல்வெளியில் வாகனத்தை ஏற்ற மனம் தூண்டும். 'நான் ஒருவன்தானே' என்பது அவன் வாதம். எல்லோரும் அவ்வாறே செய்வதை நீ விரும்புவாயோ என்பது கான்ற் காட்டிய வழியில் எழும் வினா. உயர்மலைத் தரையில் சிதைந்த செடிப்போர்வை மீளப் பல்லாண்டுகள் செல்லும்.

எனவே, தனிமை எவருக்கும் உரிமையன்று. முன்வந்தவன் விட்டுச்சென்ற கொடை அது. இடமில்லையெனில் திரும்பிச் செல்பவனே அதனைப் பின்வருபவனுக்கு அளிக்கின்றான்.