உனக்கென்ன வந்தது?

நான் சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் ‘ஜெசப்’ என்றால் ஒரு போட்டி. உலகம் முழுவதிலுமிருந்து சட்ட மாணவர்கள் வந்து வாதாடும் மூட் கோர்ட். கல்லூரி அணிக்குத் தேர்வானவர்களுக்கு ஹாஸ்டலில் தனி மரியாதை உண்டு. மெஸ்ஸில் வரிசையில் நிற்க வேண்டாம், வகுப்புக்கு வராவிட்டாலும் அட்டெண்டன்ஸ் கிடைத்துவிடும். பிலிப் ஜெசப் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார், அவர் 1961 முதல் 1970 வரை ஹேக் நகரத்தில் சர்வதேச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் அவர் எழுதிய ஒரு மாறுபட்ட தீர்ப்பின் வழியாகத்தான் தெரியவந்தது. பரீட்சைக்காகப் புரட்டியது. ஆனால் அந்த வழக்கு இன்றுவரை என்னை விடவில்லை.

தென்மேற்கு ஆப்பிரிக்கா வழக்கு. இன்று நமீபியா என்று சொல்கிறோமே, அந்த நாடு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து போன அந்தப் பிரதேசத்தை, அங்குள்ள மக்களின் நலனுக்காக நிர்வாகம் செய்யும்படி அன்றைய சர்வதேச சங்கம் தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைத்தது. தென்னாப்பிரிக்கா தன்னுடைய நிறவெறிச் சட்டங்களை அங்கேயும் கொண்டுபோய் நட்டது. 1960 நவம்பரில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் ஹேக்கில் வழக்குப் போட்டன. இரண்டும் அந்தப் பழைய சங்கத்தில் உறுப்பினராக இருந்தவை. விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 1962-ல் நீதிமன்றம் சொன்னது. பிறகு நான்கு வருஷம் சாட்சிகள், ஆவணங்கள், வாதங்கள். இதற்கிடையில் ஒரு நீதிபதி இறந்துபோனார், ஒருவர் நோயில் விழுந்தார், பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான் ஒதுங்கும்படி ஆயிற்று. 1966 ஜூலை 18 அன்று ஓட்டு ஏழுக்கு ஏழு. தலைவர் பெர்சி ஸ்பெண்டர், ஆஸ்திரேலியர், தன் இரண்டாவது ஓட்டைப் போட்டு வழக்கைத் தள்ளினார்.

தென்னாப்பிரிக்கா செய்தது சரியென்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை; தப்பென்றும் சொல்லவில்லை. நிர்வாகப் பொறுப்பை ஒப்படைத்தது சங்கம், கணக்குக் கேட்கும் உரிமையும் சங்கத்துக்குத்தான், தனி உறுப்பினருக்கு இல்லை என்றது. சங்கமோ 1946-லேயே கலைந்துவிட்டது. வழக்குப் போட்டு ஆறு வருஷம் கழித்து இரண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கிடைத்த பதிலை நம் தெருப் பேச்சில் சொன்னால்: உனக்கென்ன வந்தது?

இந்தத் தீர்ப்புக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்று ஜெசப் எழுதினார். நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். அவர் பெயரில் கோப்பை வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் ஒரு முறையாவது அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வழக்கைப் படித்த வருஷமே எங்களுக்கு அரசியல் சாசனச் சட்டமும் உண்டு. காலையில் அந்த வகுப்பில் எஸ்.பி. குப்தா வழக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1981. ஏழ்மையாலோ இயலாமையாலோ கோர்ட்டுக்கு வர முடியாதவருக்காக, நல்லெண்ணமுள்ள யாரும் வந்து கேட்கலாம் என்று நீதிபதி பகவதி கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு. பிற்பகலில் சர்வதேசச் சட்ட வகுப்பு. அங்கே, உனக்கு நேரடியாக அடி விழுந்திருந்தால் மட்டும் வா என்கிற 1966. ஒரே கட்டடத்தில், ஒரே நாளில் இரண்டும். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஏன் என்று கேட்காமல் பஸ் பிடித்துப் போனவர்கள்தான் நல்ல மார்க் வாங்கினார்கள்.

வீட்டில் பெரியப்பா கேட்ட கேள்வி வேறு. “இதைப் படிச்சிட்டு எந்தக் கோர்ட்டுல நிக்கப் போற?” நியாயமான கேள்விதான். நான் இன்று நிற்பது மாவட்ட நீதிமன்றத்தில், பெரும்பாலும் மோட்டார் விபத்து வழக்குகளுக்காக. அங்கேயும் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலின் முதல் கேள்வி இதுதான்: இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? லாரி அடித்துக் கிடந்தவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவர், வாய்தாவுக்கு வாய்தா டீக்கடை வாசலில் வந்து நிற்கிறவர், சட்டப்படி யாரும் இல்லை. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வாரிசு. கூண்டில் ஏறுகிறவன் தம்பிதான்.

நாடுகளுக்கிடையே இது இன்னும் விசித்திரமாக இருக்கும். ஹேக் நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வாதியாகவும் பிரதிவாதியாகவும் இருக்க முடியும். அடிபட்டவன் தனியாள் என்றால் அவனுடைய நாடு அவனுக்காக வரலாம். ஆனால் அப்படி வரும்போது நாடு தன் சொந்த உரிமையைத்தான் கேட்கிறது என்று 1924-லேயே ஒரு கிரேக்கக் குத்தகைக்காரர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். மாவ்ரோமாட்டிஸ் வழக்கு என்று முதல் செமஸ்டரிலேயே படித்துவிடுவோம். அது உடம்பில் உறைத்தது 2012-க்குப் பிறகுதான்.

அந்த வருஷம் பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற விசைப்படகில் இருந்த இரண்டு மீனவர்கள் ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து வந்த குண்டுகளால் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்துப் பையன். யார் விசாரிப்பது என்பதே வழக்காகிவிட்டது. கேரளமா டெல்லியா, இந்தியாவா இத்தாலியா, கடைசியில் ஹேக்கில் ஒரு நடுவர் மன்றம். 2020-ல் அது சொன்னது: சுட்ட இருவரும் இத்தாலி அரசின் பணியில் இருந்தவர்கள், ஆகவே இந்தியக் கோர்ட் அவர்களை விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இந்தியாவின் கடற்பயண உரிமையை மீறியது, அதனால் இழப்பீடு தர வேண்டும். உயிரிழப்பும் அந்த இழப்பீட்டுக்குள்தான் வந்தது. அடுத்த வருஷம் ஜூனில் பத்துக் கோடி ரூபாய் வந்து சேர்ந்ததும் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இரண்டு குடும்பங்களுக்கும் நான்கு நான்கு கோடி, படகுக்காரருக்கு இரண்டு. அந்தக் குடும்பங்கள் ஹேக் மன்றத்தில் ஒரு தரப்பு அல்ல. உரிமை மீறப்பட்டது இந்தியாவுக்கு.

ஆகக்கூடி, அடிபட்டவன் கேட்க முடியாது. அடிபடாதவன் கேட்கக் கூடாது. இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தைத்தான் கடந்த ஐம்பது வருஷத்துச் சர்வதேசச் சட்டம் மெல்ல அகலப்படுத்திக்கொண்டு வருகிறது. 1966 தீர்ப்புக்கு எழுந்த கோபத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, 1970-ல் பார்சலோனா டிராக்‌ஷன் என்ற ஒரு மின்சாரக் கம்பெனி வழக்கின் நடுவே, கேட்காமலே அதே நீதிமன்றம் இரண்டு பத்தி எழுதி வைத்தது. ஆக்கிரமிப்பு, இனப்படுகொலை, அடிமைத்தனம், இனப் பாகுபாடு ஆகியவற்றைத் தடுக்கும் கடமைகள் உலகம் முழுமைக்கும் பட்ட கடமைகள். அவற்றைக் காப்பதில் எல்லா நாட்டுக்கும் அக்கறை உண்டு என்று. அந்த வழக்கில் பெல்ஜியம் தோற்றது. இந்த இரண்டு பத்தி மட்டும் பிழைத்துக்கொண்டது.

அதைக் கையில் எடுத்தது காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவில், ஒரு ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன நாடு. யாஹ்யா ஜமேயின் இருபத்திரண்டு வருஷ அராஜகம் 2017-ல்தான் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் டாக்காவில் இஸ்லாமிய நாடுகளின் கூட்டம். வெளியுறவு அமைச்சர் போக முடியாததால் சட்ட அமைச்சர் அபுபக்கர் தம்படு போனார். ருவாண்டா படுகொலைகளை விசாரித்த சர்வதேச மன்றத்தில் பல வருஷம் வேலை பார்த்த வக்கீல் அவர். காக்ஸ் பஜார் முகாமில் ரோஹிங்கியா அகதிகள் சொன்னதைக் கேட்டபோது ருவாண்டாதான் ஞாபகம் வந்தது என்று பிறகு சொன்னார். 2019 நவம்பர் 11 அன்று மியன்மார் மீது வழக்கு. டிசம்பரில் ஆங் சான் சூ கீ நேரில் வந்து நின்றார். மியன்மாரின் ஆட்சேபணைகளில் ஒன்று நமக்குப் பழக்கமானதுதான்: அகதிகளைத் தாங்குகிறது வங்காளதேசம், காம்பியாவுக்கு என்ன வந்தது? 2022 ஜூலை 22 அன்று பதினைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிமன்றம் அதை நிராகரித்தது. 1948 இனப்படுகொலை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும் கேட்கலாம்.

அடுத்த வருஷக் கடைசியில் காசாவுக்காக அதே கதவைத் தட்டியது தென்னாப்பிரிக்கா. 1966-ல் யார் பிரதிவாதி என்பதை மேலே போய் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அடுத்தவன் நலனுக்காக வந்தேன் என்று சொல்லித்தானே வெள்ளைக்காரன் இங்கே இருநூறு வருஷம் இருந்தான்? 2003-ல் ஈராக்குக்குள் போனவர்களும் அந்த மக்களின் விடுதலையைத்தானே காரணம் சொன்னார்கள்? இந்த ஆட்சேபம் லேசுப்பட்டதில்லை. ‘உனக்கென்ன வந்தது’ என்பது எளியவனுக்கும் ஒரு கேடயம்தான்.

எனக்கு இதில் வழி காட்டியது என் அம்மா. பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த வளவில் மூன்றாவது வீட்டில் ராத்திரி அடிதடி கேட்கும். ஆம்பளைகள் ‘புருஷன் பொஞ்சாதி விவகாரம், நமக்கேன் வம்பு’ என்று பேப்பரைப் பிரிப்பார்கள். அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவாள். “ஏட்டி, உறைக்கு மோர் இருக்கா?” எங்கள் வீட்டிலேயே மோர் இருக்கும். அந்த ஆள் கையை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். மோர் கேட்டு வந்தவளை வெளியே போ என்று சொல்ல முடியாது. இதை நான் பல காலம் அம்மாவின் சாமர்த்தியம் என்று மட்டும் நினைத்திருந்தேன். சட்டம் படித்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. அந்த வளவில் எல்லா வீட்டுப் பெண்களும் எங்கள் அடுக்களைக்கு எந்நேரமும் வருவார்கள், அப்பாவின் குரல் உயர்ந்த நாளிலும் யாராவது கிண்ணத்தோடு வந்து நின்றிருக்கிறார்கள். அம்மா தன் வீட்டை அப்படித் திறந்து வைத்திருந்ததால்தான் அந்தக் கதவைத் தட்ட முடிந்தது.

காம்பியா அப்படிக் கேட்டது. இனப்படுகொலை உடன்படிக்கையின் ஒன்பதாம் ஷரத்து, தகராறு வந்தால் ஹேக்கில் பார்த்துக்கொள்வோம் என்கிறது. காம்பியா அதை நிபந்தனையில்லாமல் ஏற்ற நாடு. அது நாளை தன் மக்களைக் கொன்றால் மியன்மாரும் வழக்குப் போடலாம். பத்து லட்சம் அகதிகளை வைத்துக்கொண்டிருக்கும் வங்காளதேசம் வழக்குக்கு வர முடியாமல் போனதற்கு, தன் சம்மதமில்லாமல் கோர்ட் வேண்டாம் என்று அது முன்பு போட்ட நிபந்தனையே காரணமாயிற்று. ஈராக்குக்குப் போன அமெரிக்கா இதற்கு நேர் எதிர். நிகரகுவா வழக்கில் ஹேக்கில் தோற்கப்போகிறது என்று தெரிந்ததும், நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கொடுத்திருந்த பொதுச் சம்மதத்தை 1985-ல் வாபஸ் வாங்கிக்கொண்டது. பிறரைக் கேட்பேன், என்னை யாரும் கேட்காதே. வம்புக்கும் நியாயம் கேட்பதற்கும் நடுவில் கோடு எங்கே என்று என்னைக் கேட்டால் இங்கேதான் என்பேன். குடும்பப் பஞ்சாயத்துகளிலும் இப்போதெல்லாம் நான் பார்ப்பது இதைத்தான்: நியாயம் பேச வந்திருக்கிற சித்தப்பா வீட்டுக்குள் யாராவது போய்ப் பேச முடியுமா?

நம் நாடும் 1959-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றபோது ஒன்பதாம் ஷரத்துக்கு அதே நிபந்தனையைப் போட்டிருக்கிறது. ஆனால் 2017-ல் பாகிஸ்தான் சிறையில் குல்பூஷண் ஜாதவுக்கு மரண தண்டனை என்றதும் இந்தியா ஹேக்குக்குத்தான் ஓடியது, ஜெயித்தது. போக முடிந்தது, தூதரக உறவுகள் பற்றிய வேறொரு உடன்படிக்கையில், என்னையும் கேட்கலாம் என்று எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்ததால்.

என்னிடம் ஜூனியராக இருந்த பெண் இப்போது சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். சேர்ந்திருக்கிறாள். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டாள். ஒன்பதாம் ஷரத்து நிபந்தனையை எடு என்றேன். “இதுல என்ன மேடம் இருக்கு, நாலு பக்கம் வருமா?” என்று சந்தேகப்பட்டாள். சோவியத் யூனியன் தன் நிபந்தனையை 1989-ல் வாபஸ் வாங்கியது, 2022-ல் உக்ரைன் அந்த ஷரத்தைப் பிடித்து ரஷ்யா மீது வழக்குப் போட முடிந்தது என்று சொன்னேன். நோட்டை எடுத்தாள். ஹங்கேரி, பல்கேரியா, போலந்து என்று வாபஸ் வாங்கிய நாடுகளின் பட்டியலை இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறாள். நிபந்தனை போட்ட அந்த வருஷத்தில் நம் நாடாளுமன்றத்தில் யாராவது இதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டார்களா என்று பழைய நடவடிக்கைக் குறிப்புகளில் தேடச் சொல்லியிருக்கிறேன்.