பயணியின் எழுத்தும் 'நான்' என்னும் திரையும்

பாலாற்றங்கரையில் தோல் தொழிலால் பெயர்பெற்ற ஆம்பூரில், உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் தலைமுறைகளாகக் கலந்து வாழ்வதால், பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லும், பயணநூலைக் குறிக்கும் 'ஸஃபர்நாமா' என்னும் சொல்லும் அங்குப் பழகியவை. பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைக் காணுமாறு குர்ஆன் பலமுறை அழைக்கிறது; அதே மரபு, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நற்செயல் புரியும் 'ரியா' என்னும் பகட்டைக் கண்டிக்கவும் செய்கிறது. அவ்வாறாயின், தாம் ஏறிய மலையையும் கண்ட ஊரையும் எழுதுவதற்கென்றே தனி இதழ் தொடங்குபவர் படைப்புக்குச் சாட்சி சொல்கிறாரா, தம்மையே காட்சிப்பொருளாக்குகிறாரா என்னும் வினா எழுகிறது.

இதற்கான விடை 'நிய்யத்' எனப்படும், செயலுக்கு முன் உள்ளம் கொள்ளும் நோக்கத்தில் இருக்கிறது. நோக்கம் கண்ணுக்குப் புலப்படாதது என்பதால், எழுத்தின் நடையே அதற்கு உரைகல்லாகிறது. உலகம் சுற்றி, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டு, 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கிய ஏ. கே. செட்டியார், தம்மைப் பின்னிறுத்தி, கண்ட மனிதர்களையும் பழைய ஆவணங்களையும் முன்னிறுத்தியதன் மூலம் இந்தச் சோதனையில் தேறினார்.

ஆம்பூரிலிருந்து புறப்பட்டு ஏலகிரி ஏறுபவர், தம் மூச்சிரைப்பை ஒரு வரியில் முடித்து, மலையையும் அதில் வாழ்வோரையும் பல வரிகளில் எழுதும்போது, பயணம் வழிபாட்டுக்கு அருகில் வருகிறது.