இருதார மணமும் இல்லறக் கொடுமையும்

ஒருவன் இரு மனைவியரை மணந்து, இருவருக்கும் உணவும் உடையும் குறைவின்றி அளிப்பானாயின், அதில் அதர்மம் யாது என்று நம்மிடம் வினவுவோர் இன்றும் உளர். முதல் மனைவியே சம்மதித்த பின் பிறர் வருந்துவானேன் என்பது அவர்தம் வாதம். இதனைச் சிறிது ஆராய்வோம்.

தம்மபத உரையில் கௌசாம்பி மன்னன் உதயணனின் வரலாறு காணப்படுகிறது. அவனுடைய அரசியர் வாசவதத்தை, சாமாவதி, மாகந்தியை என மூவர். சாமாவதியின்மேல் பொறாமை கொண்ட மாகந்தியை, மன்னனது யாழினுள் பாம்பொன்றை மறைத்து வைத்து, பழியை அவள்மேல் சுமத்தினாள். மன்னன் தீர விசாரித்தானில்லை; வில்லை எடுத்து நாணேற்றினான். சாமாவதியின் மைத்திரியால் அம்பு அவளைத் தீண்டவில்லை என்கிறது கதை. பின்னர் மாகந்தியையின் சூழ்ச்சியால் அவள் தோழியருடன் தீக்கிரையானாள். உண்மை வெளிப்பட்டதும் மாகந்தியையும் கொடுந்தண்டனையால் மாண்டாள்.

கேட்போர் மாகந்தியையின் பொறாமையையே இகழ்வர். அவள் செய்தது பெரும்பாவமே. ஆயினும் இரு பெண்களும் மாண்டனர். வில்லேந்தியவனோ அரியணையில் இருந்தான். ஒருவனது தயவே இருவருக்கும் வாழ்வாக உள்ள வீட்டில் கோளும் பழியும் ஆயுதமாகின்றன. தீர்ப்பளிப்பவன் கணவன், தண்டிப்பதும் அவன் கையே.

அரண்மனையில் நிகழ்ந்தது குடிசையிலும் நிகழ்கிறது. நாம் நூலாலையில் உழைத்த நாளில், தொழிலாளர் குடியிருப்பில் இதனைக் கண்டோம். "வேறொருத்தியைக் கொண்டு வருவேன்" என்ற சொல் முதலில் வரும். அடி பின்னே வரும். மறுதாரம் வந்த பின்னும் அடி ஓயவில்லை. ஒரு கூலி இரண்டு அடுப்புக்குப் பங்காயிற்று. போதவில்லை என்றவள் அடிபட்டாள். சில ஆண்டுகளில் இளையவளும் அவ்வாறே அடிபட்டாள். அத்தகைய ஒரு சகோதரி நம்மிடம் வந்து அழுதபோது, "பொறுத்திரு அம்மா" என்றோம். அவ்வுபதேசம் அடித்தவனுக்கே துணையாயிற்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். போக்கிடமற்றவள் அஞ்சித் தலையசைப்பது சம்மதமாகுமா?

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பௌத்தருக்கும் உரியது. அதன்படி மனைவி உயிருடன் இருக்க, மணவிலக்கின்றிச் செய்யும் மறுமணம் செல்லாது. அதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. ஆனால் அம்மறுமணம் உரிய சடங்குகளுடன் நடந்ததென மெய்ப்பிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. எனவே சடங்கின்றிக் குடிவைப்பவன் தப்புகிறான். இளையவளோ மனைவி என்ற உரிமையையும் இழக்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களுள் 1.4 விழுக்காட்டினரே தம் கணவருக்கு வேறு மனைவி உண்டு என்றனர். சிறு தொகை என்று ஆறுதல் கொள்ளலாகாது. சக்களத்தி வராத வீட்டிலும் அவள் பெயரைச் சொல்லி அச்சுறுத்துவோர் உளர்.

சிகாலோவாத சூத்திரத்தில் கணவனின் கடமைகள் ஐந்து கூறப்படுகின்றன: மனைவியை மதித்தல், இகழாமை, பிறள் நாடாமை, இல்லத்தின் அதிகாரத்தை அவளுக்கு அளித்தல், அணிகலன் அளித்தல். உணவும் உடையும் தந்தால் போதும் என்போர் ஐந்தாவதைப் பற்றிக்கொண்டு ஏனைய நான்கையும் கைவிடுகின்றனர். மூன்றாவது கெட்டால் மதிப்பும் அதிகாரமும் உடன் கெடும். மதிப்பிழந்தவள்மேல் கை ஓங்குதல் எளிதாகும்.

அன்பர்களே! அடிபட்டு வரும் பெண்ணிடம் பொறுமையை உபதேசியாதீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பும் குடியிருக்கும் உரிமையும் அளிக்கிறது என்று கூறுங்கள், உடன் செல்லுங்கள். பொறுமையை உபதேசிக்க வேண்டுமாயின், ஓங்கிய கையுடையவனிடம் உபதேசியுங்கள்.