அம்மா கேட்டால் என்ன சொல்வது?

சீடன்: ஐயா, தீபாவளிக்கு அம்மாவுக்குக் கொடுக்க ஒயர் கூடை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். பின்னுவதைவிட மறைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

குரு: என்ன முடிச்சு?

சீடன்: சிவன் கண்.

குரு: துணிச்சல்தான். முதல் கூடையை எல்லாரும் சாதா முடிச்சில் போடுவார்கள். சரி, யாரிடமிருந்து மறைக்கிறாய்?

சீடன்: வீடு முழுவதிலிருந்தும். பாட்டிக்குக் கண் மங்கினாலும் காது கூர்மை. ஒயரை உருவி வெட்டினால் கூடத்திலிருந்தே 'என்னடா சத்தம்' என்பார். அக்கா மகனுக்குக் கட்டிலுக்கடியில்தான் விளையாட்டு. எல்லாரையும்விட மோசம் டி.வி. முடிச்சுப் போடும் வீடியோக்களை என் போனில் பார்த்தேன். வீட்டு டி.வி.யிலும் அதே கணக்குதான் போட்டிருக்கிறோம். மறுநாள் அம்மா சீரியல் தேட உட்கார்ந்தால், திரை முழுக்கக் கூடை! 'யாருடா இந்த வீட்டில் கூடை பின்னப் போறது?' என்று கேட்டார்.

குரு: நீ என்ன சொன்னாய்?

சீடன்: 'அக்கா பார்த்திருப்பாள்' என்றேன். அது உறுத்துகிறது. ஆனால், நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே?

குரு: 'வாய்மை' அதிகாரத்தின் இரண்டாம் குறளைச் சொல்கிறாய். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். 'குற்றமில்லாத' என்பதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் அதைச் சொல்கிறார்கள். கடன் கேட்டு வந்தவரிடம் 'அப்பா ஊரில் இல்லை' என்பவனுக்கும் அந்தக் குறள்தான் துணை. எதிர்த் திசையில் ஒருவர் இருக்கிறார், ஜெர்மனியின் காண்ட். கொலைகாரன் வாசலில் நின்று 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா' என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாதென்று 1797-இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஒரு கூடைக்காக இருவரையும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். உன் பொய்யில் என்ன கெட்டது என்று நீயே சொல்.

சீடன்: அம்மா நம்பிவிட்டார்.

குரு: அதோடு போகவில்லை. நாளை அவர் அக்காவிடம் 'கூடை பின்னப் போறியாமே' என்பார். அவள் திருதிருவென்று விழிப்பாள். உன் பொய்க்கு அவளைக் காவல் நிறுத்திவிட்டாய். குற்றம் அங்கே இருக்கிறது.

சீடன்: பின்னே என்ன சொல்லியிருக்க வேண்டும்?

குரு: 'தீபாவளிவரைக்கும் ஒண்ணும் கேட்காதேம்மா.'

சீடன்: ஏதோ இருக்கிறதென்று தெரிந்துவிடுமே!

குரு: தெரியட்டும். இன்னதென்று தெரியாமலிருந்தால் போதும்.

சீடன்: எங்கள் வீட்டில் 'கேட்காதே' என்றால் அன்றைக்குத்தான் கேட்கவே ஆரம்பிப்பார்கள்.

குரு: கேட்கட்டும். சிரித்துவிட்டு எழுந்து போ. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

சீடன்: வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே. அப்படிப் பார்த்தால், மறைத்துக் கொடுப்பது உயர்ந்ததுதானே?

குரு: அது மத்தேயு நற்செய்தியில் இயேசு தருமத்தைப் பற்றிச் சொன்னது, நாம் பழமொழி போலவே ஆக்கிக்கொண்டோம். அங்கே மறைப்பு கடைசிவரைக்கும். கொடுத்தவன் பெயர் வெளியே வரவே கூடாது. நீ மறைப்பதோ ஒருநாள் பிரித்துக் காட்டுவதற்கு. அம்மா முகம் மலர்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் உனக்கு. உண்டா, இல்லையா?

சீடன்: உண்டு. தவறா?

குரு: தவறென்று சொல்ல மாட்டேன். அது உன் கூலி, அவ்வளவுதான். நினைத்த அளவு முகம் மலராமல், 'எதுக்குடா இந்த வேலை' என்று அவர் கேட்டுவிட்டால் உனக்குக் கோபம் வரும் பார், கூலி என்பது அப்போது புரியும்.

சீடன்: அந்த வம்பே வேண்டாமென்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தே பின்னிவிடட்டுமா?

குரு: பின்னிப் பார். அடிப்பாகம் முடிவதற்குள் 'வெள்ளை சீக்கிரம் அழுக்காகும், மெரூன் போடு' என்பார். கொஞ்ச நேரத்தில் 'கைப்பிடி நீளமா இருக்கட்டும்'. சாயங்காலம் 'ஒயருக்கு எவ்வளவு ஆச்சு' என்று பர்ஸைத் திறப்பார். அதற்குப் பிறகு அது அம்மா செய்யச் சொல்லி நீ செய்த கூடை. யாருக்கும் தெரியாத வரையில்தான் அது நீ கொடுப்பது. இன்னொன்று, சிவன் கண்ணில் ஒரு முடிச்சு பிசகினால் வரிசையே கோணும். பிரித்தால் ஒயரில் மடிப்புத் தழும்பு நிற்கும். நாலு பேர் பார்க்கப் பிரிக்க மனம் வராது. கோணலோடு மேலே போய்விடுவாய். கடையில் வாங்கும் பொருளுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது; முழுசாக முடிந்த பிறகே அது வீட்டுக்குள் வருகிறது.

சீடன்: கடைசியாக ஒன்று. நேற்று அம்மா என் அறையைப் பெருக்கினார். கட்டிலுக்கடியில் ஒயர் துண்டுகள் கிடந்தன. எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி.வி.யில் கூடை வந்தாலும் இப்போது பேசாமல் தாண்டிப் போகிறார்.

குரு: சரிதான், தெரிந்துவிட்டது.

சீடன்: தீபாவளியன்று தெரியாததுபோல நடிப்பாரே! அது பொய்யில்லையா?

குரு: யாரை ஏமாற்றுகிறார்? அவருக்குத் தெரியுமென்பது உனக்கும் தெரியும். இருவரும் அறிந்ததை இருவரும் பேசாமலிருப்பதற்கு நம் வீடுகளில் மரியாதை என்று பெயர். வாய் வரைக்கும் வந்த கேள்வியை அவர் தினமும் விழுங்குகிறார். சிவன் கண் போடுவதைவிட அது கடினம்.

சீடன்: நான் இப்போது என்ன செய்ய?

குரு: முதலில் அக்காவிடம் நடந்ததைச் சொல். அவள் உன் பக்கம் வந்துவிட்டால் பையனை அவளே பார்த்துக்கொள்வாள். போனில் பார்த்த வீடியோக்களின் வரலாற்றை அழித்துவிடு. மிச்சத்தை இங்கே கொண்டுவந்து பின்னு. என் வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை. கைப்பிடியில் மட்டும் அவசரம் காட்டாதே. சந்தையில் உன் அம்மா அந்தக் கூடையில் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் ஏற்றுவார்.