சுக்கான் யார் கையில்? – உதவியின் அறம் பற்றி ஒரு நோக்கு

பிறர்க்கு உதவுதல் நன்று என்பதில் அறநூலார் முரண்படுவதில்லை. ஆயின், உதவி பெறுவோர் அவ்வுதவியினாலேயே சிறுமையடைதலுங் கூடும் என்பது அத்துணை எளிதில் உணரப்படுவதில்லை. உதவுவோர் எதைச் செய்யவேண்டும் என்பதைப் போலவே, எதைச் செய்யாது விடவேண்டும் என்பதும் அறவியல் சார்ந்த வினாவேயாகும். வலது குறைந்தோருக்குப் பாய்ப்படகு செலுத்தப் பயிற்றும் தொண்டர்களின் பணி இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் இப்பணி பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. இதற்கென அமைக்கப்பட்ட சிறு படகுகளின் பாரமான நடுப்பலகை நீருள் ஆழ்ந்து நிற்பதால் அவை எளிதிற் கவிழ்வதில்லை. செலுத்துவோர் தாழ்ந்த இருக்கையில் முன்னோக்கி அமர்ந்து, கைப்பிடியொன்றினாற் சுக்கானை இயக்குவர். சக்கர நாற்காலியில் வருவோரைப் பாரந்தூக்கியின் துணையுடன் படகில் இறக்குதல், உயிர்காப்பு அங்கி அணிவித்தல், காற்றின் திசையறியக் கற்பித்தல், காவற்படகில் அணுக்கமாக நிற்றல் ஆகியன தொண்டர்தம் கடமைகள். இவையனைத்தினும் கடினமானது வேறொன்று: கற்பவர் சுக்கானைத் தவறாகத் திருப்பும்போது உடனே கைநீட்டாதிருத்தல்.

படகு காற்றுக்கு நேர்முகமாகத் திரும்பிவிடின் பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். அத்தவற்றைக் காற்றே கற்பவருக்கு உணர்த்தும். தொண்டர் முந்திக்கொண்டு திருத்துவாராயின் படகு செவ்வனே செல்லும், ஆனால் அதில் இருப்பவர் மாலுமியாகார், பயணியாகவே எஞ்சுவார். இடரை ஏற்பதிலும் மனித மாண்பு உண்டு என்றும், அளவிறந்த பாதுகாப்பு அம்மாண்பைப் பறித்துவிடும் என்றும் அமெரிக்கரான ரொபேர்ட் பேர்ஸ்கி 1972இல் வாதிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

அவ்வாறாயின், உயிருக்கு இடர் நேரின் பொறுப்பு யாருடையது என்று வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அறியாத ஒருவரை இடரினுள் தள்ளுதல் வேறு. அறிந்த ஒருவர் தாமே இடரை ஏற்றல் வேறு. இடரின் அளவை மறையாது கூறுதலும், இயன்றவரை அதனைக் குறைத்தலும் தொண்டரின் கடன். அதன்பின் தீர்மானிப்பது செல்பவரின் உரிமை. கடலுக்குச் செல்ல விரும்பாது கரையில் இருப்பதும் அவ்வுரிமையுள் அடங்கும். துணிவைத் திணித்தலும் ஒருவகை ஆதிக்கமே.

உதவி வேண்டப்படும் இடத்தில் சுதந்திரம் எங்ஙனம் இருக்கும் என்பது இன்னொரு தடை. இதற்கு ஹிலரி லிஸ்டரின் வாழ்வு விடை பகர்கின்றது. கழுத்துக்குக் கீழே உடல் இயங்காத அவர், குழல்களில் மூச்சை ஊதியும் உறிஞ்சியும் சுக்கானையும் பாயையும் இயக்கி, 2005இல் ஆங்கிலக் கால்வாயைத் தனியே கடந்தார். 2009இல் பிரித்தானியாவைச் சுற்றிவரும் பயணத்தை நிறைவுசெய்தார். அவரைப் படகில் அமர்த்தவும் பலர் வேண்டியிருந்தது. எனினும் படகு எத்திசையிற் செல்வது என்ற முடிவு அவருடையதாகவே இருந்தது. சுதந்திரம் என்பது பிறர் துணையின்றி இருத்தலன்று; துணைகளுக்கிடையிலும் முடிவு தன்னுடையதாக இருத்தலாகும்.

திருக்குறள் ஈகையையும் ஒப்புரவறிதலையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துள்ளது. ஈகையில் கொடுப்போரும் கொள்வோரும் இருவேறு நிலையினர். ஒப்புரவோ உலகத்தோடு ஒத்து வாழும் உறவிலிருந்து பிறப்பது. இப்பயிற்சி ஈகையாகத் தொடங்கினும் ஒப்புரவாக முடிதல் வேண்டும். பிரித்தானியாவில் 1978இல் தோன்றிய ஜூபிலி பாய்க்கப்பல் நிதியத்தின் கப்பல்களில், வலது குறைந்தோரும் ஏனையோரும் ஒரே மாலுமிக் குழுவினராய்க் காவல்முறை ஏற்றுப் பணியாற்றினர். அங்கே ஒருவர் மற்றவருக்குச் செய்தது தருமமன்று. கப்பலுக்குச் செய்த கடமை.

உதவியை அளக்கும் கோல் உதவுவோரின் இரக்கமன்று. அவ்வுதவிக்குப் பின் மற்றவரின் கைக்கு எவ்வளவு அதிகாரம் மாறியது என்பதே அதன் அளவு. கற்பிப்போர், பெற்றோர், ஆள்வோர் யாவரும் இக்கோலால் தம்மை அளந்து பார்த்தல் தகும். சுக்கானைத் தாமே பற்றிக்கொண்டு பிறரைக் கரைசேர்ப்பதில் நன்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வாறு கரைசேர்ந்தவர் மறுநாளும் அவர்களுக்காகவே காத்திருக்க நேரும்.