பிரதியும் பின்பற்றலும்

ஒருவரின் சிறப்பைக் கண்டு வியந்து, அவரைப்போல் ஆகவேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. பிறரைப் பார்த்துச் செய்யும் தன்மை குழந்தைப் பருவம் முதலே மனிதனிடம் அமைந்துள்ளது என்றும், அவன் தன் முதல் பாடங்களை அவ்வழியே கற்கிறான் என்றும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' நூலில் எடுத்துரைத்தார். ஆனால், இது எந்த இடத்தில் கல்வியாக இருக்கிறது? எந்த இடத்தில் வெறும் பிரதியாகிவிடுகிறது? இக்கேள்வியை ஓர் இசைக்கருவியை முன்னிட்டுச் சிந்திப்போம்.

மின்கிட்டாரின் நாதம் கிட்டாரில் மட்டும் பிறப்பதில்லை. கம்பியின் அதிர்வு மின்அலையாகி ஆம்பிளிஃபயருக்குச் செல்கிறது. வால்வு பொருத்திய பழைய ஆம்பிளிஃபயரை அதன் எல்லைவரை முடுக்கினால், அலையின் முகடுகள் மழுங்கி, ஒலி தடித்துக் கரகரப்போடு நீள்கிறது. குறையென்று கருதப்பட்ட இதுவே ராக் இசைக்கு அழகாயிற்று. இன்று டிஜிட்டல் மாடலர் என்னும் சிறு கருவி இவ்வனைத்தையும் கணக்காக மாற்றிவிடுகிறது. அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, வால்வும் ஒலிபெருக்கிப் பெட்டியும் அதை என்ன செய்யும் என்று கணித்து ஒலியாகத் திருப்பித் தருகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' கருவி இம்முறையைப் பரவலாக்கியது. 2011இல் அறிமுகமான ஜெர்மானியக் கெம்பர் கருவியோ, உண்மையான ஆம்பிளிஃபயருக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, வெளிவருவதைக் கேட்டு, அதன் சாயலைப் பதித்துக்கொள்கிறது.

ஆகவே, இங்கிலாந்தின் குவீன் இசைக்குழுவைச் சேர்ந்த பிரையன் மேயின் நாதத்தை விரும்பும் இளைஞன், வாக்ஸ் ஏசி 30 என்னும் ஆம்பிளிஃபயரின் சாயலைத் தேர்ந்து, சில அளவுகளைத் திருத்தினால், ஒரு மணி நேரத்தில் அதன் அருகே சென்றுவிடலாம்.

அந்த நாதம் வந்த வழியோ நெடியது. 1963இல், விலையுயர்ந்த கிட்டார் வாங்க வசதியில்லாத பதினாறு வயது பிரையன், தம் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துப்பகுதி பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து வந்தது. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்கள் உள்ளே சென்றன. நாதத்தை அசைக்கும் கைப்பிடியின் நுனி, தாயின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அக்கிட்டாரின் கம்பிகளை அவர் மீட்டுவதோ, இங்கிலாந்தின் பழைய ஆறு பென்சு நாணயத்தால்.

அப்படியானால், மாடலர் செய்வது மோசடியா? நாம் அவ்வாறு கருதவில்லை. வால்வு ஆம்பிளிஃபயர் விலை மிகுந்தது, கனமானது, முழு ஒலியில் வாசித்தால் அக்கம்பக்கத்தார் உறங்க இயலாது. எளியவனுக்கும் அந்த நாதத்தின் வாயிலைத் திறந்துவிடும் கருவியைக் குறைகூறுதல் முறையன்று. எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. மாடலரின் கணக்கு, கம்பி அதிர்ந்த பிறகே தொடங்குகிறது. நாணயத்தின் விளிம்பு கம்பியைத் தொடும் கணம், விரலின் அழுத்தம், சுரத்தை நீட்டும் பொறுமை ஆகியவை அதன் கணக்குக்கு முந்தியவை. கை பெட்டிக்குள் இல்லை.

இதை நாம் வேறொரு வழியில், சற்று வலியுடன் கற்றோம். குருப்பட்டம் பெற்ற தொடக்கத்தில், நாம் பெரிதும் மதித்த ஒரு மறையுரையாளரின் குரல் ஏற்ற இறக்கத்தையும், அவர் கை உயர்த்தும் விதத்தையும், இடையிடையே காக்கும் மௌனத்தையும் அப்படியே கைக்கொண்டோம். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் முதிய உபதேசியார் மெல்லச் சொன்னார்: "பெரிய சாமி குரலே கேட்டுச்சு, சாமி. நம்ம சாமி எப்பப் பேசுவீங்க?" அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பெரியவரின் மௌனம், நற்செய்தியுடன் அவர் விழித்திருந்த இரவுகளிலிருந்து பிறந்தது. நமது மௌனமோ, மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணப்பட்டது. அவரது நாதத்தை எடுத்துக்கொண்டோம்; அவரது விழிப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

பிரதி என்பது விளைவைப் பற்றிக்கொள்கிறது. பின்பற்றல் விளைவு பிறந்த ஊற்றைத் தேடுகிறது. பிரையன் மேயை உண்மையில் பின்பற்றுகிறவன், கையிலுள்ள எளிய பொருளைக் கொண்டு பொறுமையுடன் உழைக்கிறான். அப்போது அவனது நாதம் வேறாகவும் அமையலாம், அதில் இழப்பில்லை.

கிறிஸ்துவைப் பின்பற்றுதலும் இத்தகையதே. அவர் உடுத்திய ஆடையையோ பேசிய அரமேய மொழியையோ மேற்கொள்வது சீடத்துவம் ஆகாது. அசிசியின் பிரான்சிசும், கடல் கடந்த சவேரியாரும், மடத்துக்குள்ளேயே வாழ்ந்த லிசியே நகர்த் தெரேசாவும் பின்பற்றியது ஒரே ஆண்டவரை. ஆயினும் மூவரில் ஒருவர் மற்றவரின் பிரதியல்லர். இறையருள் மனித இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவு செய்கிறது என்பது புனித தாமஸ் அக்குவினாரின் போதனை. நமக்குத் தரப்பட்ட கையை இறைவன் திரும்பக் கேட்பதில்லை; அக்கையால் மீட்டுமாறே கேட்கிறார்.

நாம் வியக்கும் பெரியோரின் சாயலைக் கடன் பெறுவதில் தவறில்லை. ஆனால் கடன் பெற்ற நாதத்தில் நம் கையும் கேட்கிறதா என்று, அந்த உபதேசியாரைப்போல், அவ்வப்போது நம்மையே கேட்டுக்கொள்வோம்.