அட்டையும் ஒழுக்கமும்

2017-இல் சரக்கு சேவை வரி வருமுன், வாளையார் வணிகவரிச் சாவடியில் லாரிகள் நெடிது காத்து நின்றன. அங்கே சோதிக்கப்பட்டவை சீட்டும் சரக்கும், ஓட்டுநரின் உள்ளமன்று.

இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்கள் தமக்குள் பேசி அலுவல் முடிக்கின்றன. 2025 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட நெறிமுறைப்படி, முகவர் ஒவ்வொன்றும் தன் திறம் கூறும் அட்டையை நீட்டுகிறது. அதில் கையொப்பம் இருப்பின், வழங்கியவர் இன்னார் என்பது தெளியும். அவர் நல்லவர் என்பது தெளியாது.

கோசல மன்னன் பசேநதி, துறவிகள் சிலரைச் சுட்டி, இவர்கள் அருகதரோ என வினவினான். ஒழுக்கம் உடனுறைவாலும், நேர்மை கொடுக்கல் வாங்கலாலும், உறுதி துன்பத்தாலும், அறிவு உரையாடலாலும், அதுவும் நெடுநாள் கூர்ந்து நோக்குவோர்க்கே விளங்கும் என்றார் பகவன். அதன் பின்னரே, அவர்கள் வேடமிட்ட தன் ஒற்றர் என மன்னன் ஒப்புக்கொண்டான்.

உடனுறைவு பொறிக்கு இயலாது. கொடுக்கல் வாங்கல் இயலும். சிறுபணி தந்து பார்த்துப் பெரும்பணி தருவதே அதற்குரிய நெறி. அச்சிறுபணியையும் மறுத்தால் நேர்மையை அறிவது எங்ஙனம்? என் கைத்திறம் காணாமல், சேரியின் பெயர் கேட்டே ஓர் ஆலைவாயில் என்னைத் திருப்பியனுப்பியது. வேடத்தை நம்புவது மடமை. பிறப்பிடம் கேட்டு ஐயுறுவது கொடுமை. பொறிக்கு நெறி வகுப்போர் இவ்விரண்டையும் விலக்குவாராக!